குழந்தைகள் இருக்கும் அறையிலேயே பயிற்சி நடக்கட்டும்: கடலூர் மாவட்ட அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: கடலூர் மாவட்டத்தில் அங்கன்வாடி பணியாளர்களுக்கு முன்பருவக் கல்விப் பயிற்சியைத் திட்டமிடும் மாவட்ட, வட்டார அலுவலர்கள், மேற்பார்வையாளர்கள், கருத்தாளர்கள் (பயிற்சி நடத்துகிறவர்கள்)

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம்.

மூன்று வயதுக் குழந்தைகளோடு வேலை செய்கிறவர்களும், அந்த வேலைக்கு வருகிறவர்களைத் தயார் செய்கிறவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். கேட்பது ஒன்றுதான். பயிற்சி நாள்களில் பாதியையாவது மண்டபத்திலிருந்து எடுத்து, குழந்தைகள் வந்து போகிற மையத்தில் வையுங்கள். அதை எப்படிச் செய்யலாம், எங்கே சறுக்கும் என்பதையும் கூடவே எழுதுகிறோம். வெறும் கோரிக்கையாக இருந்தால் கோப்பில் போய் உட்கார்ந்துவிடும்.

அங்கன்வாடி பணியாளருக்கான அடிப்படைப் பயிற்சி 26 வேலை நாள், புத்தாக்கப் பயிற்சி 5 நாள் என்பது பழைய கணக்கு. 2023 மே 10 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய 'போஷண் பீ, படாயீ பீ' (ஊட்டச்சத்தும் படிப்பும்) திட்டத்தில் பணியாளருக்குக் கிடைப்பது 3 நாள். அந்த 3 நாளுக்குள் மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான 'நவ்சேதனா' வழிகாட்டி, மூன்று முதல் ஆறு வயதுக்கான 'ஆதார்ஷிலா' பாடத்திட்டம், ஊட்டச்சத்து, மாற்றுத்திறன் குழந்தைகள், எல்லாம் வந்தாக வேண்டும். 2020 தேசியக் கல்விக் கொள்கை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு, அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு ஓராண்டுப் பட்டயம் என்கிறது. அதையும் தொலைக்காட்சி, கைப்பேசி வழியாக நடத்தலாம், மாதம் ஒரு நேரடி வகுப்பாவது இருக்கட்டும் என்கிறது. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. அந்த விவாதம் வேறு. ஆனால் மூன்று நாளானாலும் ஆறு மாதமானாலும் குறை ஒன்றேதான். குழந்தையைப் பற்றிப் படிக்கிற அறையில் குழந்தை இல்லை.

மண்டபப் பயிற்சியில் 'செயல்விளக்கம்' என்று ஒன்று நடக்கும். ஒருவர் டீச்சர், மற்ற முப்பது பேர் குழந்தைகள். "இது என்ன நிறம்?" என்று அட்டையைக் காட்டினால் முப்பது பேரும் ஒரே குரலில் "சிவப்பு" என்பார்கள். கைத்தட்டல், அடுத்தவர். மையத்தில் அதே அட்டையைக் காட்டினால் ஒரு பிள்ளை "எங்கக்கா கவுனு" என்பான். ஒருத்தி அட்டையை வாங்கி முகர்ந்து பார்ப்பாள். இன்னொருவன் எழுந்து தண்ணீர்க் குடத்துக்குப் போவான். டீச்சருக்குத் தெரிய வேண்டியது இந்த மூன்றுக்கும் அடுத்து என்ன செய்வது என்பதுதான். "எங்கக்கா கவுனு" என்பது தவறான பதில் அல்ல, பாடத்தை அங்கிருந்துதான் பிடித்துப் போக வேண்டும் என்பது பி.பி.டி. (கணினித் திரையில் காட்டும் பாடம்) பார்த்து வராது.

இனி, மையத்தில் எப்படி நடத்தலாம்.

வட்டாரத்துக்கு இரண்டு மையங்களைத் தேர்ந்தெடுங்கள். கட்டடம் புதிதாக, சுவரில் படம் பளிச்சென்று இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். தினமும் பதினைந்து குழந்தைகளாவது வருகிறார்களா, அவர்கள் டீச்சரிடம் பயமில்லாமல் பேசுகிறார்களா, பொம்மைகள் தரையில் கிடக்கின்றனவா, இவற்றைப் பாருங்கள். கடலோரத்தில் தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கம் ஒன்று, பண்ருட்டி முந்திரிக்காட்டுப் பக்கம் ஒன்று, காட்டுமன்னார்கோவில் நெல் வயல் பக்கம் ஒன்று, நெய்வேலி போல நகரச் சாயல் உள்ள இடத்தில் ஒன்று என்று பிரித்தால் நல்லது. பிள்ளைகள் கொண்டுவருகிற சொல், பொருள், பெற்றோர் வேலைக்குக் கிளம்பும் நேரம் எல்லாம் ஊருக்கு ஊர் வேறு.

ஒரு மையத்துக்கு ஒரே சமயத்தில் ஐந்து பயிற்சியாளர்களுக்கு (பயிற்சி பெற வருகிற பணியாளர்களுக்கு) மேல் வேண்டாம். அந்த ஐந்து பேரும் ஒன்றாக உள்ளே போகவும் கூடாது. பதினைந்து குழந்தைகள் உள்ள அறையில் ஐந்து புது முகங்கள் சுவரோரம் நின்றால் பாதிப் பிள்ளைகள் வாயடைத்துப் போவார்கள், மீதிப் பேர் வேடிக்கை காட்டத் தொடங்குவார்கள். இருவர் உள்ளே, மூவர் வெளியே பொருள் தயாரிப்பில். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை மாறலாம். உள்ளே இருப்பவர் நாற்காலியில் உட்காரக் கூடாது, தரையில்தான். கைப்பேசி வெளியே இருக்கட்டும்.

முதல் வாரம் பார்ப்பது மட்டும். இரண்டாம் வாரம் விருப்ப விளையாட்டில் ஒரு மூலையை மட்டும் பொறுப்பேற்பது. மூன்றாம் வாரம் பாட்டு, உரையாடல், கதை என வட்டமாக உட்காரும் பதினைந்து நிமிடம். நான்காம் வாரம்தான் காலை நேரம் முழுக்க. இந்த வரிசையைத் தலைகீழாக்கி முதல் நாளே வகுப்பை ஒப்படைத்தால், பயந்துபோன பயிற்சியாளர் தன் பள்ளிக்கூட நினைவில் இருக்கிற ஒரே முறைக்கு ஓடிவிடுவார். "எல்லாரும் கை கட்டு, வாய் பொத்து."

கலந்துபேசும் நேரத்தை மாலைக்குத் தள்ளாதீர்கள். மாலையில் எல்லோருக்கும் பேருந்துக் கவலைதான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் தூங்குகிற ஒரு மணி நேரம் போதும். அன்று காலை நடந்ததை அன்றே, தாழ்ந்த குரலில், அந்த அறை வாசலிலேயே உட்கார்ந்து பேசலாம். கருத்தாளர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: என்ன பார்த்தீர்கள், அது ஏன் நடந்திருக்கும், நாளைக்கு என்ன மாற்றுவீர்கள். "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு மேடம்" என்றுதான் பதில் வரும்.

முதல் வாரத்துப் 'பார்ப்பது' பலருக்கும் சும்மா உட்காருவதாகத் தோன்றும். இந்தப் படிப்பின் முதுகெலும்பே அதுதான் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறோம். ஒரு குழந்தையை மட்டும் பத்து நிமிடம் பார்க்க வேண்டும். கண்ணால் கண்டது, காதால் கேட்டது, இவை மட்டுமே எழுத்தில் வர வேண்டும். 'அடம்', 'சுட்டி', 'மந்தம்', 'கூச்சம்' போன்ற சொற்களுக்கு இடமில்லை. "3 வயதுப் பெண் குழந்தை, யாரோடும் சேரவில்லை, கூச்ச சுபாவம்" என்று ஒரு குறிப்பு வந்தால் அதைத் திருப்பிக் கொடுங்கள். அதே குழந்தையைப் பற்றிய சரியான குறிப்பு இப்படி இருக்கும்:

"10.05. மணல் தொட்டி ஓரம் நின்றாள். இரண்டு பேர் கொட்டாங்குச்சியில் மண் நிரப்புவதைப் பார்த்தாள். தன் கையில் இருந்த கொட்டாங்குச்சியை நீட்டினாள். யாரும் வாங்கவில்லை. 10.07. ஓரடி தள்ளி உட்கார்ந்து மண்ணை அள்ளி, தட்டி, கவிழ்த்தாள். உடைந்தது. ஈர மண்ணாகப் பார்த்து எடுத்து மறுபடி கவிழ்த்தாள். நின்றது. 'இட்லி' என்று மெதுவாகச் சொன்னாள். 10.11. தலையைத் தூக்கி அந்த இரண்டு பேரையும் பார்த்தாள்."

இதைப் படித்தால் மறுநாள் செய்ய வேண்டிய வேலை தானாகத் தெரிகிறது. டீச்சர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து "எனக்கு ரெண்டு இட்லி குடும்மா" என்று கேட்கலாம். கடை திறந்துவிட்டால் வாங்க ஆள் வரும். 'கூச்ச சுபாவம்' என்று எழுதியிருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. அது குழந்தையின் குணம் என்று விட்டுவிடுவோம். ஈர மண்தான் நிற்கும் என்று அவளே கண்டுபிடித்ததும் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

ஒவ்வொரு பயிற்சியாளரும் இப்படி இருபது குறிப்பாவது எழுதட்டும். முதல் ஐந்தில் தீர்ப்பு நிறைய இருக்கும், பத்துக்குப் பிறகு குறையும். எழுதுவதற்குச் சிரமப்படுகிறவர் வாயால் சொல்லலாம், பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொள்ளலாம். கையெழுத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

அடுத்தது, புதிதாகச் சேரும் பிள்ளைகளின் அழுகை. பயிற்சிப் புத்தகங்களில் இது இரண்டு வரியில் முடிந்துவிடும். மையத்தில் ஜூன் மாதம் முழுக்க இதுதான் வேலை. நடைமுறை இப்படி: முதல் இரண்டு நாள் அம்மாவோ பாட்டியோ உள்ளேயே ஒரு மணி நேரம் இருந்து, குழந்தையோடு திரும்பிப் போகட்டும். மூன்றாம் நாள், "கடைக்குப் போயிட்டு வரேன்" என்று குழந்தையிடம் சொல்லிவிட்டுப் பதினைந்து நிமிடம் வெளியே போய், சொன்னபடி வரட்டும். நான்காம் நாள் அரை மணி, பிறகு சாப்பாடு வரை. தூக்கம் கடைசியில்தான். பழக்கமில்லாத இடத்தில் கண் விழிப்பதுதான் சின்னப் பிள்ளைக்குப் பெரிய பயம். கூலி வேலைக்கு, மீன் ஏலத்துக்கு விடியலிலேயே போகிற அம்மாக்களால் இத்தனை நாள் வர முடியாது. வீட்டிலிருந்து அவள் பழைய புடவைத் துண்டு ஒன்றைக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். அது பிள்ளையின் கையில் இருக்கட்டும். 'அழுக்குத் துணி' என்று பிடுங்கி வைக்க வேண்டாம்.

இதில் வழக்கமாக நடக்கும் தவறு இரண்டு. ஒன்று, குழந்தை வேறு பக்கம் பார்க்கும்போது அம்மாவை நழுவிப் போகச் சொல்வது. அன்று அழுகை பத்து நிமிடம் குறையும். மறுநாள் முதல் அந்தப் பிள்ளை அம்மாவின் முந்தானையை விடாது, ஏனென்றால் கண்ணை எடுத்தால் ஆளைக் காணோம் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. இன்னொன்று, "அழுதா ஊசி போட்டுடுவாங்க". தடுப்பூசி போட வருகிற கிராம சுகாதாரச் செவிலியரும் அதே மையத்துக்குத்தான் வர வேண்டும். அவரைப் பூச்சாண்டியாக்கிவிட்டு, தடுப்பூசி நாளில் பிள்ளைகள் ஓடுகிறார்கள் என்று வருத்தப்பட்டுப் பயனில்லை.

சேர்க்கை நாளிலேயே அம்மாவிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டிய ஒரு சின்னப் பட்டியல் இருக்கிறது. பசிக்கு, தண்ணீருக்கு, சிறுநீருக்கு, மலம் கழிக்க, தூக்கத்துக்கு, வலிக்கு அந்தப் பிள்ளை வீட்டில் என்ன சொல்லும்? மம்மு, உச்சா, கக்கா, தாச்சி என்று வீட்டுக்கு வீடு மாறும். கிள்ளை பக்கத்து இருளர் குடும்பங்களிலும், வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்களிலும், வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் வீட்டிலும் முற்றிலும் வேறு. இருபது சொல் போதும். 'சொல்லத் தெரியாமல் பாவாடையை நனைத்துவிட்டாள்' என்று சொல்லப்படும் பிள்ளைகளில் பலர் சொன்னவர்கள்தான், கேட்டவருக்குப் புரியவில்லை.

பொருள்களுக்கு வருவோம். டி.எல்.எம். (கற்றல் கற்பித்தல் பொருள்) என்றதும் தெர்மாகோல், சார்ட், ஜிகினா என்று இரவெல்லாம் கண் விழித்துச் செய்து, கண்காட்சி முடிந்ததும் அதைப் பரணில் போடுகிற பழக்கத்தைப் பயிற்சியிலேயே நிறுத்த வேண்டும். தெர்மாகோல் உருண்டை மூக்குக்குள் போகும். சார்ட்டைப் பெரியவர் கண்மட்டத்தில் மாட்டினால், மூன்று வயதுப் பிள்ளைக்கு அது கூரைக்குச் சமம். தரையிலிருந்து இரண்டு முதல் மூன்று அடிக்குள் மாட்டியதைத்தான் அவர்கள் பார்ப்பார்கள், தொடுவார்கள், கிழிப்பார்கள். கிழித்தால் ஒட்டிக்கொள்ளலாம்.

ஊரில் கிடைக்கிற பொருளே நல்லது, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது. அட்டையில் 3.2 செ.மீ. குறுக்களவுள்ள ஒரு வட்டம் வெட்டி ஒவ்வொரு பயிற்சியாளர் கையிலும் கொடுங்கள். பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிது, அவ்வளவுதான். அந்த ஓட்டைக்குள் நுழைகிற எதுவும் மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் கைக்குப் போகக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நம் மையங்களில் இரண்டு வயதுப் பிள்ளையும் ஐந்து வயதுப் பிள்ளையும் ஒரே அறையில் இருப்பதால் இந்த விதி தளராது. புளியங்கொட்டை, சோழி எல்லாம் நான்கு வயதுக்கு மேல், டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும், கொடுக்கும்போது எண்ணி, வாங்கும்போது எண்ணி. எண்ணுவதே அன்றைய கணக்குப் பாடமாகவும் ஆகிவிடும்.

குன்றிமணியை எந்த வயதுக்கும் தராதீர்கள். அழகாக இருக்கிறது என்று இன்னும் சிலர் கோத்துக்கொண்டு வருகிறார்கள். முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும். கடித்தாலோ ஊசியால் துளைத்திருந்தாலோ உள்ளே இருப்பது கொடிய நஞ்சு. ஆமணக்கு விதையும் அப்படியே. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கம் எண்ணுவதற்கு உடைக்காத முந்திரிக்கொட்டையைக் கொண்டுவருகிறார்கள். அதன் தோட்டில் உள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும் என்பது முந்திரி உடைக்கிற எல்லோருக்கும் தெரியும். பிள்ளையோ அந்தக் கையைக் கண்ணில் வைக்கும். அதற்குப் பதில் கொட்டாங்குச்சி, ஓரம் தேய்த்த பெரிய சிப்பி, பனை ஓலை, மூங்கில் துண்டு, துணிப்பந்து இருக்கின்றன. கடற்கரைச் சிப்பியைக் கொதிநீரில் போட்டு எடுத்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, கூர் விளிம்பை உப்புத்தாளில் தேய்த்த பிறகே கூடைக்குள் போட வேண்டும். பூவரச இலையில் பீப்பீ செய்வதைப் பிள்ளைகள் பாட்டியிடமிருந்தே கற்றுக்கொண்டு வருவார்கள். டீச்சருக்குத் தெரியாவிட்டால் அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

பிசைகிற மாவுக்குக் கணக்கு இது: மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், எண்ணெய் 2 தேக்கரண்டி, தண்ணீர் முக்கால் கப்பிலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக. நிறத்துக்கு மஞ்சள் தூளோ பீட்ரூட் சாறோ போதும். மூடி போட்ட டப்பாவில் மூன்று நான்கு நாள் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர்க் காற்றில் உப்பு நீரை இழுத்து மாவைக் கூழாக்கிவிடும். அப்போது உப்பைப் பாதியாகக் குறைத்து, அன்றன்றைக்குப் பிசைந்து அன்றே எறிந்துவிடுங்கள். இரண்டு வயதுப் பிள்ளைகள் வாயில் போடுவார்கள் என்பதால் அவர்களுக்கு உப்பில்லாத சப்பாத்தி மாவுதான். மைதா வாங்கப் பணமில்லையென்றால் ஏரிக் களிமண் இதைவிட நல்லது. காயவைத்து, இடித்து, சல்லடையில் சலித்து, கண்ணாடிச் சில்லும் முள்ளும் இல்லை என்று உறுதி செய்த பிறகு பிசைந்து, ஈரச் சாக்கில் சுற்றி வையுங்கள். மாவைவிடக் களிமண் கெட்டி, விரல்களுக்கு அதிக வேலை.

அந்த விரல் வேலைதான் எழுத்துக்கு அடித்தளம். "என்ன எழுதுனான் இன்னிக்கு?" என்று கேட்கிற பெற்றோருக்குப் பயந்து மூன்று வயதில் நோட்டுப் புத்தகம் கொடுக்கிற இடங்கள் பெருகிவிட்டன. தனியார் எல்.கே.ஜி.யோடு போட்டி என்பது நமக்கும் தெரிகிறது. ஆனாலும் படிகளைத் தாண்ட முடியாது. காகிதம் கசக்குவது, கிழிப்பது, களிமண் உருட்டுவது, பெரிய ஓட்டையுள்ள மணி கோப்பது, ஈரத் துணி பிழிவது, தரையில் சாக்பீஸால் பெரிய கோடு, வளைவு, புள்ளி வைத்து அதைச் சுற்றி வருவது, இப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் போக வேண்டும். வாசலில் கோலம் போடுகிற ஊரில் இதற்குத் தனியாகப் பொருள் வாங்க வேண்டியதே இல்லை. சாக்பீஸை மூன்றாக உடைத்துக் கொடுங்கள்; நீளமாக இருந்தால் பிள்ளை முழுக்கையால் பிடிக்கும், துண்டாக இருந்தால் மூன்று விரலால் பிடித்தே ஆக வேண்டும். எழுத்து வருகிற காலம் வரும்போது 'அ'வில் தொடங்கினால் சுழி, வளைவு, கோடு எல்லாம் ஒரே எழுத்தில் வந்து பயமுறுத்தும். ட, ப, ம என்று நேர்கோடு அதிகமுள்ள எழுத்துகளில் தொடங்குவது நம் ஆரம்பப் பள்ளிகளுக்குப் பழக்கமான வழிதான்.

எழுத்துக்கு முன்னால் ஒலி. முந்-தி-ரி என்று மூன்று தட்டு, ப-லாப்-ப-ழம் என்று நான்கு தட்டு. பிள்ளைகளின் பெயர்களைத் தட்டிப் பார்க்கச் சொன்னால் அரை மணி நேரம் போவது தெரியாது. கதையில் பயிற்சியாளர்கள் செய்கிற தவறு, தினம் ஒரு புதுக்கதை சொல்வது. ஒரே கதையை ஐந்து நாள் வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் கேட்பது. இரண்டாம் நாள் திரும்பத் திரும்ப வரும் வரியைச் சேர்ந்து சொல்வது. மூன்றாம் நாள் நடிப்பது. நான்காம் நாள் நான்கு படங்களை வரிசைப்படுத்துவது. ஐந்தாம் நாள் பிள்ளை சொல்ல டீச்சர் கேட்பது. பாட்டி வடை சுட்ட கதையில் ஐந்தாம் நாள் காக்கா வடையைக் காலில் மாற்றிக்கொண்டு பாடும், சில ஊரில் நரிக்கும் பாதி கொடுக்கும். திருத்த வேண்டாம். "இந்தக் கதையின் நீதி என்ன?" என்று மூன்று வயதுக் குழந்தையிடம் கேட்பதை மட்டும் தயவுசெய்து தடை செய்யுங்கள்.

காலை இரண்டு மணி நேரமாவது முன்பருவக் கல்விக்கு என்று 'போஷண் பீ, படாயீ பீ' திட்டமே சொல்கிறது. அந்த நேரத்தில் உதவியாளர் எங்கே இருக்கிறார்? அடுப்படியில். 2013 தேசிய முன்பருவக் கல்விக் கொள்கையோடு வந்த தர அளவுகள், மூன்று வயதுக்கு மேல் 20 குழந்தைக்கு ஒருவர், அதற்குக் கீழே 10 குழந்தைக்கு ஒருவர் என்கின்றன. நம் மையத்தில் இரு வயதினரும் கலந்து இருக்கையில், ஒரு டீச்சரும் ஒரு ஆயாம்மாவும்தான் கணக்கு. ஆனால் பயிற்சி என்று வந்தால் ஆயாம்மா ஆட்டைக்குச் சேர்த்தியில்லை. குழந்தையைக் கழுவிவிடுவது, ஊட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் அவர் கையில். சோறு ஊட்டும்போது "இது என்ன காய்? கேரட்டு மெத்துனு இருக்கா?" என்று பேசினால் அது மொழிப் பாடம், பேசாமல் வாயில் திணித்தால் வெறும் திணிப்பு. பணியாளரையும் உதவியாளரையும் ஒரே மையத்தில் சேர்த்தே பயிற்சிக்கு எடுங்கள். சமையலுக்கு முன்னால் நாற்பது நிமிடம் அவர் அறைக்குள் இருக்கும்படி அரிசி களைவதையும் காய் நறுக்குவதையும் எப்படி முன்பின் மாற்றலாம் என்பதை இருவரும் சேர்ந்து வகுக்கட்டும்.

2021 மார்ச்சில் வந்த போஷன் டிராக்கருக்கு (மையத்தின் விவரங்களைப் பதியும் கைப்பேசிச் செயலி) வேண்டிய பயிற்சியைத் தனி நாளில் வையுங்கள். கல்விப் பயிற்சி நாளில் 'செயலியில் ஒரு சின்ன சந்தேகம்' என்று தொடங்கினால் அந்த நாள் போயிற்று.

வளர்ச்சியில் தாமதம் உள்ள பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பணியாளர் நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, சொல்லவும் கூடாது. பின்னாலிருந்து, முகம் தெரியாமல், தாழ்ந்த குரலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா. சுட்டிக்காட்டுகிற திசையில் பார்க்கிறதா. இரண்டரை வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசுகிறதா. இவற்றை வேறு வேறு நாளில் மூன்று முறை பார்த்து, தேதியோடு எழுதினால் போதும். ஆர்.பி.எஸ்.கே. (குழந்தைகளுக்கான அரசு உடல்நலப் பரிசோதனைத் திட்டம்) மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை மையத்துக்கு வர வேண்டும். அந்தத் தேதியில் இந்தக் குறிப்பு டாக்டர் கையில் இருந்தால், இரண்டு நிமிடப் பரிசோதனையில் தெரியாதது தெரியும். அவர்கள் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு எழுதிக் கொடுத்த பிறகு, குடும்பம் போய் வந்ததா என்று விசாரிப்பதும் பயிற்சியில் ஒரு பாடமாக இருக்கட்டும். பெரும்பாலும் அந்தக் கண்ணிதான் அறுந்துபோகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகும் பீரோ ஒன்று மிச்சம் இருக்கிறது. முன்பருவக் கல்விப் பெட்டி மையத்துக்கு வருகிறது. அதில் இருக்கும் கட்டைகளும் புதிர் அட்டைகளும் இருப்புப் பதிவேட்டில் ஏறுகின்றன. அதன் பிறகு அவை பீரோவுக்குள் பூட்டப்பட்டு, ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் தரைக்கு வருகின்றன. பணியாளரைக் குறை சொல்லாதீர்கள். ஒரு கட்டை குறைந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது என்ற பயம் அவருக்கு. "விளையாட்டில் உடைந்த, தேய்ந்த, தொலைந்த பொருளை மாதம் ஒருமுறை பணியாளர் எழுதி, மேற்பார்வையாளர் கையொப்பமிட்டு இருப்பிலிருந்து கழித்துக்கொள்ளலாம், அதற்காக யாரிடமும் தொகை பிடித்தம் செய்யக் கூடாது" என்று ஒரு பத்திச் சுற்றறிக்கை போதும். நாங்கள் கேட்பதில் பைசா செலவில்லாதது இதுதான், அதனால் இதை முதலில் செய்யலாம். பயிற்சியில் எவ்வளவு கற்றுக்கொடுத்தாலும் பெட்டி பூட்டியிருந்தால் பயனில்லை.

காலத்தையும் சொல்லிவிடுகிறோம். ஜூன் மாதம் புதுப் பிள்ளைகள் சேரும்போதே முதல் குழு மையத்துக்குள் இருக்க வேண்டும். அழுகையை அடக்காமல் ஆற்றுவதைக் கற்க வேறு மாதம் கிடையாது. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை மழை விடுமுறை எப்போது வரும் என்று சொல்ல முடியாத மாவட்டம் இது. அந்த மாதங்களில் மையப் பயிற்சியை வைக்காமல், குறிப்பு எழுதுவது, கதை, பொருள் தயாரிப்பு என்று வட்டார அளவில் வைத்துக்கொள்ளலாம். ஜனவரி முதல் மார்ச் வரை மறுபடியும் மையம். கடலோர, ஆற்றோர மையங்களில் மழைக்கு முன்னால் ஒரு ஒத்திகை வேண்டும்: எல்லாப் பிள்ளைகளுக்கும் போதுமான நீளமுள்ள பருத்திக் கயிற்றில் அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டு, முடிச்சுக்கு ஒரு பிள்ளை பிடித்து, முன்னால் டீச்சர், பின்னால் ஆயாம்மா, வாசலில் ஒரு தலை எண்ணிக்கை, போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு எண்ணிக்கை. வாரம் ஒருமுறை விளையாட்டாகவே செய்தால், வேண்டிய நாளில் பிள்ளைகள் பயப்பட மாட்டார்கள்.

திட்டக்குடி, மங்களூர் பக்கத்திலிருந்து கடலூர் நகரத்து மஞ்சக்குப்பம் வரை பயிற்சிக்கு வரச் சொன்னால் அந்தப் பெண்களின் நாளில் பாதி பேருந்தில் போகும். வட்டாரத்துக்குள்ளேயே மையம் என்பதால் அந்தச் சிக்கல் பாதி தீரும். மீதிக்குப் பயணப்படியைப் பயிற்சி முடிகிற அன்றே கொடுத்துவிடுங்கள். கைக்குழந்தையோடு வருகிற பயிற்சியாளர்களுக்கு அதே மையத்தில் ஒரு தூளியும், பார்த்துக்கொள்ள ஒருவரும் வேண்டும். குழந்தை வளர்ப்பைப் பற்றிய பயிற்சிக்குக் குழந்தையோடு வரக் கூடாது என்று யாரும் எழுதி ஒட்டாமல் இருந்தால் நல்லது.

மையங்களின் பட்டியலை ஏப்ரலுக்குள் முடிவு செய்தால், மே விடுமுறைக்கு முன்பே அந்த மையங்களின் பணியாளர்களோடு உட்கார்ந்து பேசத் தயாராக இருக்கிறோம். அவர்களுக்கு இது கூடுதல் வேலை, எனவே மதிப்பூதியம் எவ்வளவு என்பதை அவர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
முன்பருவக் கல்விப் பணியில் இருப்போர் சிலர்,
கடலூர்